கீப் என்ற சொல்லும் மிளகாய் மில்லும்

மிளகாய் அரைபடும் நெடி முதலில் மூக்கில் ஏறாது, தொண்டையில் போய்க் குத்தும். பிறகு கண் எரியும். தும்மல் கடைசியில்தான் வரும். பள்ளிக்கூடம் விட்டு பஃபலோ ரோட்டுக்குள் திரும்பும்போதே எனக்கு இந்த மூன்றும் முடிந்திருக்கும். சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டின் மீன் வாடை, மாட்டுச் சாணி வாடை, சாக்கடை வாடை எல்லாவற்றையும் அந்த நெடி அமுக்கிவிடும். மூங்கில் கழியில் காயப்போட்ட வெள்ளை வேட்டிகூட மாலைக்குள் லேசாகச் சிவந்துவிடும். எங்கள் தெருக்காரர்கள் அழுவதற்குத் தனியாகக் காரணம் தேடியதில்லை. கண்ணில் நீர் வந்தால் "மில்லு ஓடுது" என்று சொல்லித் துடைத்துக்கொள்வார்கள்.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி வருஷங்களை. மில் ரெங்கசாமியுடையது. கீழே மெஷின், மேலே ஓர் அறை. பக்கத்துக் கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். இரண்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். ரெங்கசாமி வாசலில் நாற்காலி போட்டு, பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு மெஷினில் மிளகாய் கொட்டி, அரைத்து, சலித்து, சூடாக இருக்கும்போதே காகிதத்தில் மடித்துக் கொடுப்பவர் அஞ்சலை அக்கா. ஜோகூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் போனபின் ரெங்கசாமியோடு சிங்கப்பூருக்கு வந்தவர். அந்த மில்லையும் மேல் அறையையும் விட்டால் அவருக்குப் போக இடம் கிடையாது. இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேசினார்கள்.

ரெங்கசாமிக்கு மன்னார்குடிப் பக்கம் மனைவியும் கட்டிக்கொடுத்த ஒரு மகளும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் இது எங்கள் ஆட்களிடம் சாதாரணம். ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம். சில வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் போய் ஊர்க் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஆணுக்கு இதில் ஒரு பெயரும் கிடையாது. மில்லுக்காரர் மில்லுக்காரராகவே இருந்தார். இங்கே இருந்த பெண்ணுக்கு மட்டும் பெயர் உண்டு. அஞ்சலை அக்காவைத் தெருவில் "கீப்பு" என்றார்கள். 'யெஸ்', 'நோ' தவிர வேறு ஆங்கிலம் தெரியாத பெண்கள்கூட இந்த ஒரு சொல்லைச் சுத்தமாகச் சொன்னார்கள்.

"அம்மா, கீப்புன்னா என்னம்மா?"

"உனக்கு எதுக்குடி அதெல்லாம்? மொளகாயக் கொண்டுபோய்க் குடுத்தமா, வாங்கிட்டு வந்தமான்னு இரு."

அம்மா சொல்லாததால்தான் எனக்கு அந்தச் சொல்லின்மேல் ஆசை வந்தது.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவள் நான்தான் முதல். வகுப்பு மிஸ்ஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தவணைக்கு ஒரே ஒரு சின்னச் சொல்லை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுவார். தவணை முடியும்வரை நாங்கள் அந்தச் சொல் வரும் வாக்கியங்களை வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பிடித்துக்கொண்டு வந்து, துண்டுக் காகிதத்தில் எழுதி, அதன் கீழே ஒட்ட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார். அந்தத் தவணையின் முதல் நாள் அவர் சுவரில் ஒட்டிய சொல் 'கீப்'. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. எங்கள் தெரு வசவு பள்ளிக்கூடச் சுவரில் எப்படி ஏறியது என்று தோன்றியது.

அதன்பிறகு போகும் இடமெல்லாம் அந்தச் சொல்தான் கண்ணில் பட்டது. சாலையில் இடப்பக்கமாகப் போகச் சொல்லும் பலகையில் 'கீப் லெஃப்ட்'. வெள்ளைக்காரர்கள் பந்து விளையாடும் புல்வெளியில் மிதிக்காதே என்பதற்கு 'கீப் ஆஃப்'. வகுப்பில் எந்நேரமும் 'கீப் கொயட்'. எதிர்வீட்டு அண்ணன் பந்தாட்டத்தில் கோல்கீப்பர். அவர் பந்தை வைத்திருப்பதே இல்லை, வந்த வேகத்தில் திருப்பி உதைத்துவிடுவார், அவருக்கு ஏன் கீப்பர் என்று பெயர் என எனக்கு விளங்கவில்லை. எங்கள் அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை, பெயர் டைம்கீப்பர்.

"அப்பா, நீங்க டைம எங்க வச்சிருக்கீங்க?"

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் எங்கம்மா வச்சிருக்கேன்? டைமெல்லாம் துரைகிட்ட இருக்கு. நான் கூலி ஆளுங்க வந்த நேரம் போன நேரத்த எழுதிக் குடுக்கறேன். அவ்வளவுதான்லா."

இதையெல்லாம் எழுதி ஒட்டினேன். ஆனால் நான் சொந்தமாக எழுதிய வாக்கியங்களில் பாதிக்கு மேல் மிஸ் அடித்துவிட்டார். அம்மா நெற்றியில் பொட்டுக் 'கீப்' பண்ணுகிறாள் என்று எழுதினேன். 'புட்' என்று திருத்தினார். அம்மா மீன் குழம்பு 'கீப்' பண்ணுகிறாள் என்றேன், 'குக்' என்றார். தம்பிக்குப் பேர் 'கீப்' பண்ணினார்கள் என்றேன், வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. பொட்டு வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், பேர் வைக்கிறோம், கடை வைக்கிறோம், மாடு வைத்திருக்கிறோம், அடகு வைக்கிறோம், ஆளின்மேல் ஆசை வைக்கிறோம். நமக்கு ஒரே சொல் இத்தனை வேலை பார்க்கும்போது இவர்களுக்கு மட்டும் எதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று மிஸ்ஸிடமே கேட்டுவிட்டேன்.

மிஸ் கோபிக்கவில்லை. மேஜைமேல் இருந்த சுண்ணாம்புக்கட்டியைக் கையில் எடுத்தார். "இது ஹோல்ட்" என்றார். அதை மேஜையில் வைத்தார். "இது புட்." பிறகு இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அது என்னிடம் இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். அதுதான் கீப்."

கையை எடுத்த பிறகும் இருப்பது கீப். வாழ்நாளில் எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்ததில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 'சேவ்' என்றால் நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்கு வாயைக் கட்டுவது. 'ஸ்டோர்' என்றால் நிறைய இருக்க வேண்டும், பூட்டும் வேண்டும். 'கீப்' அப்படியில்லை, ஒன்றே ஒன்று போதும், பூட்டுக்கூட வேண்டாம், அது எங்கேயும் போகாது என்ற தைரியம் இருந்தால் போதும். கோல்கீப்பர் வைத்திருப்பது பந்தை இல்லை, கோல் கம்பத்தை என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது.

அஞ்சலை அக்காவுக்குப் போக இடமில்லை என்று தெரிந்துதான் ரெங்கசாமி கையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பது விளங்க எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆனது. அதை விளக்கியவர் முச்சந்தியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய்க்கார அம்மா. நாங்கள் 'மக்சிக்' என்று கூப்பிடுவோம். அவரிடம் மலாயில் 'கீப்'புக்கு என்ன என்று கேட்டேன். 'சிம்பான்' என்றார். காசைப் பெட்டியில் போடுவதும் சிம்பான், துணியை மடித்து அலமாரியில் வைப்பதும் சிம்பான். அப்புறம் மில் பக்கம் கண்ணைக் காட்டி, "அதுவும் சிம்பானான்தான்" என்று சொல்லிச் சிரித்து, சின்னப் பிள்ளையிடம் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். தமிழில் அதையே வைப்பாட்டி என்பார்கள் என்று எனக்குத் தெரியும். தேக்காவில் ஒரு மீனுக்கு என்ன விலை என்பதில் ஒத்துப்போகாத மூன்று இனத்து ஆட்கள், பெண்ணைக் காசோடும் துணியோடும் சேர்த்து வைப்பதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். இதைப் பார்த்து நான் அன்றைக்கு ஆச்சரியப்பட்டேன். இன்றைக்கு ஆச்சரியம் போய்விட்டது, ஆத்திரம் மட்டும் இருக்கிறது.

மிஸ் இன்னொன்றும் சொன்னார். சோற்றுக்கும் படுக்க இடத்துக்கும் கூட 'கீப்' என்று பெயர் உண்டு. உழைத்துச் சாப்பிடுகிறவர் தன் கீப்பைச் சம்பாதிக்கிறார் என்பார்கள். இதைக் கேட்டதும் நான் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்:

"அம்மா, அக்காதான் நாள் பூரா மில்ல ஓட்டுது. அவரு உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. அப்பன்னா அவருதானே அக்காவோட கீப்பு?"

அம்மா முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தாள். "உங்கப்பாகிட்ட சொல்லிடாத. அவரு அந்த ஆளோட சீட்டு ஆடப்போறவரு."

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடைக்குப் போனார். கடைக்காரரைத் தெருவில் 'தலைவர்' என்பார்கள். எந்த வீட்டில் சண்டை வந்தாலும் அவர்தான் தீர்ப்புச் சொல்வார். தலைவர், "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று அக்காவை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். கடைக்குள் யாரும் கீப்பு இல்லை. அக்கா சேலைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார், என் தோளில் போட்டுப் பார்த்தார். கடைசியில் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட ஒன்றை எடுத்தார்.

"உங்களுக்காக்கா?"

"எனக்கு இல்லடி வாயாடி. ஊர்ல இருக்கறவங்களுக்கு."

"அவரு எடுக்க மாட்டாரா?"

"அவருக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வருஷா வருஷம் கட்டறவங்க அவங்க. நல்லா இருக்க வேணாமா?"

எனக்கு இது புரியவில்லை. இப்போதும் முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

தீபாவளி முடிந்து, புதிய தவணை தொடங்கி, 'கீப்' இன்னும் வாக்கியம் மிச்சம் வைத்திருக்கிறது என்று மிஸ் அதையே சுவரில் விட்டுவைத்திருந்த நாளில், ரெங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். பத்திரிகை மடியில் இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, இரண்டு பேர் அரைத்த மிளகாயைக்கூட வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஊருக்குத் தந்தி போனது. மனைவி பெர்மிட் வாங்கிக் கப்பலேறி வர மாதக்கணக்கில் ஆகும். கொள்ளி வைக்கப் பங்காளி முறையில் ஒரு தம்பி, சின்னய்யா என்பவன், வந்து சேர்ந்தான். ரெங்கசாமி உயிரோடு இருந்தவரை அவன் அந்த மில்லில் ஒரு மூட்டை தூக்கி நான் பார்த்ததில்லை. வந்தவன் முதலில் பார்த்தது பிணத்தை இல்லை, மெஷினை.

பிணம் எடுக்கும் முன்பு மனைவியைக் குளிப்பாட்டி, பூவும் பொட்டும் வைத்து, தலைமாட்டில் உட்காரவைத்து, கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். அதற்கப்புறம் அதெல்லாம் அவளுக்குக் கிடையாது. அஞ்சலை அக்கா தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். சின்னய்யா, "இவ யாரு இங்க உக்கார?" என்றான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரைக் கூப்பிட்டார்கள்.

தலைவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அவரு உனக்கு நாலு பேர் அறியத் தாலி கட்டினாரா?"

அக்கா ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்பறம் என்னம்மா? எந்திரி. பொஞ்சாதி செய்யற சடங்கப் பொஞ்சாதிதான் செய்யணும். நீ அவருக்கு ஒரு முறையும் இல்ல. தள்ளிப் போய் நில்லு."

வருஷா வருஷம் தன் கடையில் 'வாங்கம்மா' சொன்ன வாய் அது. அக்கா எழுந்து போய் மெஷினுக்குப் பின்னால் நின்றார். எங்கள் அம்மா உட்பட ஒரு பெண்ணும் வாயைத் திறக்கவில்லை. பாடையைத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தும்மினேன். படியில் இறங்கிப் பார்த்தால் மில் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை அக்கா ஊதாச் சேலை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து, முகத்தில் துண்டு கட்டாமல் நின்று அரைத்துக்கொண்டிருந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. தலைவர் ஓடி வந்தார்.

"என்னம்மா அநியாயம் இது? நேத்துதான் எடுத்தாங்க. தீட்டு வீட்ல மில்லு ஓட்டறே. பொட்டு, பூவு..."

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. அதன் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னார்: "யாருக்குத் தீட்டு? ஒரு முறையும் இல்லைன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? முறை இல்லாதவளுக்கு ஏது தீட்டு? கட்டாத தாலிய அறுக்க முடியாதில்ல, அப்ப பொட்ட மட்டும் எதுக்கு அழிக்கணும்?"

"அதுக்காக... ஒரு மரியாதைக்காவது..."

"அந்த மரியாதைய நேத்து நீங்க குடுத்திருக்கணும். மொளகா கொண்டாந்திருந்தா குடுங்க. இல்லாட்டித் தள்ளி நில்லுங்க. தூசி பறக்கும்."

தலைவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். அவர் வாயாலேயே சொன்ன தீர்ப்பு அது. சின்னய்யாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொள்ளி வைத்தவனுக்குக் கருமாதி முடியும்வரை தீட்டு, வியாபாரம் பக்கமே போகக்கூடாது. மில்லோடு ஒட்டியவர்களில் சாவியைத் தொடத் தீட்டில்லாதவர் ஒருவர்தான்: எல்லாரும் சேர்ந்து ஒன்றுமில்லாதவள் என்று தள்ளிவைத்த அஞ்சலை அக்கா. அவர்கள் கட்டிய கயிற்றிலேயே அவர்கள் தடுக்கி விழுந்தார்கள். இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்கள் ஆட்களால்தான் செய்ய முடியும்.

அம்மா எதுவும் சொல்லாமல் மேலே போய், அரைக்கத் தேவையே இல்லாத ஒரு பை மிளகாயை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். நான் உள்ளே போனேன். கிட்டே போனதும்தான் பார்த்தேன், அக்காவின் கண்ணிலிருந்து நீர் கன்னம் வழியாகக் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டை அவர் ஏன் கட்டவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. மிளகாய் மில்லில் யார் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கருமாதி முடிந்ததும் சின்னய்யா வந்தான். சாவி கேட்டான். அக்கா தரவில்லை. தலைவர் இந்தமுறை வாயை அளந்து திறந்தார்: "ஊர்லேருந்து அந்தம்மா வரட்டும். அவங்க சொன்னபடி செய்யலாம்." அந்தம்மா வந்து என்ன சொல்வார் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பூவைப் பிய்த்து எறிந்து, முடியைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கும் சந்தேகம் இல்லை போலிருக்கிறது. ஒருநாள் அவர் தன் துணிகளை ஒரு தகரப்பெட்டியில் அடுக்குவதைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெட்டி பாதிகூட நிறையவில்லை.

ரெங்கசாமியின் மனைவி தையல்நாயகி அம்மாள் வந்த அன்று தெருவில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. சின்னய்யா துறைமுகத்திலிருந்து டாக்சியில் கூட்டிவந்தான். வெள்ளைச் சேலை, ஒல்லியான உடம்பு, கப்பல் களைப்பு. டாக்சியை விட்டு இறங்கியவர் முதலில் செய்தது தும்மியதுதான். அடுக்கடுக்காகத் தும்மினார். அக்கா ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் திரும்பியவர், இத்தனை மாதம் தெருவையே எதிர்த்து வைத்திருந்த பொட்டைக் கட்டைவிரலால் அழித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த அம்மாளும் பார்த்துவிட்டார்.

"எதுக்கு அழிச்ச?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ பொட்டு வச்சிக்கிட்டு நிக்கிறேன்னு இவன் எனக்கு லெட்டர் லெட்டரா எழுதினான். அந்த தைரியம் உள்ளவளப் பாக்கணும்னுதான் தண்ணி தாண்டி வந்தேன். நீ என்னன்னா அழிக்கிற." மூட்டைமேல் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்த வாடைதான் அவரு சட்டையில அடிக்கும். என்ன வாடைன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. ஆமா, மாம்பழ மஞ்சள்ல ஒரு சேல வந்துச்சே, பச்சக் கர போட்டது. யாரு எடுத்தா?"

"நான்தாங்கக்கா."

"தெரியும். அந்த மனுசனுக்கு ஏது கண்ணு? கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த சேலையப் பாத்து எங்கம்மா அழுதுச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சின்னய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, பேச்ச வளக்காதீங்க. சாவிய வாங்குங்க."

"யாருகிட்டேருந்து?"

"இந்த... அண்ணன் வச்சிருந்த பொம்பளகிட்டேருந்துதான்."

அந்த அம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "உங்கண்ணன் இவள இங்க வச்சிருந்தாரு. என்னைய அங்க வச்சிருந்தாரு. கண்ணாலம் ஆன நாள்லேருந்து அவரோட நான் குடித்தனம் பண்ணுன வருசம் ஒரு கை வெரல்ல அடங்கிடும். சின்னய்யா, இதுல யாரு வச்சிருந்த பொம்பள? நீயே சொல்லு."

சின்னய்யா தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். தலைவர் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"மில்ல அவளே வச்சிக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். "இத்தன நாளு ஊருக்குப் பணம் எப்படி அனுப்பினாளோ அப்படியே அனுப்பட்டும். எனக்கு இந்த நெடி ஆவாது. நீ மெஷினப் போடுடி, வந்தவங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அடுத்த கப்பல் வரும்வரை அவர் மேல் அறையில்தான் இருந்தார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் செத்துப்போன மனிதரைப் பற்றி என்னென்னவோ பேசிச் சிரிப்பது எங்களுக்குக் கேட்கும். சில சமயம் சிரிப்பு நின்று, மூக்கை உறிஞ்சும் சத்தம் வரும். அம்மா உடனே பாத்திரத்தை உருட்டி, எங்களுக்குக் கேட்காதபடி செய்வாள்.

பள்ளிச் சுவரில் 'கீப்' இன்னும் இருந்தது. நான் அந்த வாரம் ஒரு துண்டுக் காகிதம் எழுதி மிஸ்ஸிடம் கொடுத்தேன். 'அஞ்சலை கீப்ஸ் த மில்.' மிஸ் படித்துவிட்டு, "அவருடைய மில்லா? அப்படியானால் 'ஓன்ஸ்' என்று எழுதலாமே" என்றார்.

"இல்லை மிஸ். அவர் பேரில் பத்திரம் கிடையாது."

"அப்படியானால் 'ரன்ஸ்'? அவர்தானே நடத்துகிறார்?"

"முன்னாலும் அவர்தான் மிஸ் நடத்தினார். அப்போதெல்லாம் அது 'ரன்ஸ்'தான். 'கீப்ஸ்' இப்போதுதான்."

மிஸ் காகிதத்தை எடுத்து, சொல்லுக்கு நேர் கீழே, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினார்.

மில் அதற்கப்புறம் வெகுகாலம் ஓடியது. ஊருக்குத் தீபாவளிச் சேலை தவறாமல் போனது. நான் கல்யாணமாகிப் போன பிறகும் மிளகாய் அங்கேதான் அரைத்தேன். அரசாங்கம் அந்தக் கடைவீட்டு வரிசையைக் காலி பண்ணச் சொன்னபோது அக்கா மெஷினை விற்றுவிட்டு, கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே ஓர் அறை வீட்டுக்கு வந்தார். அங்கேதான் கண்ணை மூடினார். குளிப்பாட்டியதும் பொட்டு வைக்கலாமா என்று பெண்கள் தயங்கினார்கள். யாரையும் கேட்காமல் நானே வைத்தேன், பெரிதாக.

இப்போது எனக்கு முட்டிவலி. இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறித் தேக்காவுக்குப் போய்விடுவேன். பஃபலோ ரோட்டில் தும்மல் வருவதில்லை. மிளகாய்த்தூள் பாக்கெட்டில் வருகிறது, நெடியே கிடையாது. மக்சிக் நின்ற முச்சந்தியில் செல்போன் விற்கிறார்கள். 'கீப்பு' என்று இப்போது யாரும் ஒரு பெண்ணைச் சொல்வதில்லை; என் பேத்திக்கு அந்த அர்த்தமே தெரியாது, அவளுக்கு "பாட்டி, ப்ளேட்டைக் கீப் பண்ணிடவா?" என்று எடுத்துவைப்பதோடு சரி. சொல் போய்விட்டது, செய்கை போய்விட்டதா என்று என்னைக் கேட்டால் என்னிடம் பதில் உண்டு, ஆனால் பேத்தி இருக்கும்போது சொல்ல மாட்டேன். பேங்க் வாசலில் தமிழில் 'நிரந்தர வைப்பு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதி நிறைந்த தகரப்பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும்.

போன மாதம் மில் இருந்த இடத்தைத் தேடிப் போய் நின்றேன். அங்கே இப்போது லாரிகள் சரக்கு இறக்க வருகின்றன. தரையில் ஆள் உயர எழுத்தில், மஞ்சள் பெயின்ட்டில், 'கீப் க்ளியர்' என்று எழுதியிருந்தது. வழியை மறிக்காதே, தள்ளி நில் என்று அர்த்தம். எழுத்தின் நடுவில் போய் நின்று, மெஷின் எங்கே இருந்தது, நாற்காலி எங்கே கிடந்தது, அக்கா எந்த இடத்தில் நின்று அரைத்தார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா" என்றார்.

நான் பார்த்து முடிக்கும்வரை நகரவில்லை.